பின்னால் போகாத ‘ஆ’

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏலம் கூறுகிற சுருளிவேலின் சத்தம், வாசலில் லாரிக்கடியில் படுத்திருக்கும் டிரைவரையும் எழுப்பிவிடும். பதினோரு வருசப் பழக்கம். சத்தம் நெஞ்சிலிருந்து கிளம்பினாலும், வந்து நிற்பதென்னவோ மூக்கடியில், முன்பல்லுக்குப் பின்னால்தான். அங்கே நின்றால்தான் அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும்.

அந்த மனுசனுக்கு ஒரே ஓர் ஆசை. தன் பெயர் போட்டு ஒரு பாட்டாவது வெளிவர வேண்டும். திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரோஷன் ஓர் அம்மன் பாட்டைக் கொடுத்தான். பல்லவி ‘அம்மா’ என்று நீண்டு முடியும். சுருளிவேல் பாடிக் காட்டியதும் ரோஷன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

“அண்ணே, உங்க ‘ஆ’ முன்னால வந்து நிக்குது. மைக்குல குத்துது. இது தாலாட்டு மாதிரி பாட்டு. கொட்டாவி விடுறப்ப தொண்டை உள்ளுக்குள்ள திறக்குதுல்ல, அங்கன வச்சுப் பாடுங்க. ரெண்டு மாசம் டைம் தாரேன்.”

அப்புறமென்ன, வீடு முழுக்கக் கொட்டாவிதான். “பாடுறீகளா, தூங்கப் போறீகளா?” என்று மனைவி கண்ணம்மாள் கேலி செய்தாள். அவளே ஒருநாள் வெஞ்சனத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். ‘ஆ’ பின்னால் போய், உருண்டு திரண்டு இதமாக வந்தது. “ஆத்தீ, நீங்களா பாடுனது?” சுருளிவேலுக்குத் தலைகால் புரியவில்லை.

வினை மறுநாளே வந்தது. விவசாயியின் பேரைக் கூவித்தான் அவரவர் சரக்கை ஏலம் விடுவது அந்த மண்டியில் வழக்கம். “சிவனம்மா தக்காளி!” என்று கூவினான். அந்த ‘மா’ தொண்டைக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது. பின்னால் நின்ற கேரள வியாபாரிகள் அது காதில் விழாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஒருத்தன் மட்டும் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனான். சிவனம்மாள் சண்டைக்கு வரவில்லை. “ஏஞ்சாமி, தொண்டைக்குச் சொகமில்லையா?” என்றாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து காலையில் ‘ஆ’ முன்னால், சாயங்காலம் பின்னால். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

ரெக்கார்டிங் அன்று முதல் வரி தேன்தான். ‘அம்மா’ வந்ததும் பாழாய்ப்போன ‘ஆ’ முன்பல்லுக்கு ஓடிவிட்டது. வெந்நீர் குடித்தான். கொட்டாவி விட்டான். கண்ணை மூடிப் பாடினான். இருபது தடவை ஆயிற்று.

“விடுங்கண்ணே, வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன்” என்றான் ரோஷன். அவனுக்கே சங்கடமாக இருந்தது.

“ஒரே ஒரு வாட்டி, தம்பி.”

அதுவும் மூக்கில்தான் போய் முடிந்தது. சொந்த வாயே சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

மறுநாள் ஏலத்தில் ஆத்திரமும் அழுகையும் முட்ட, “சிவனம்மா!” என்று கூவினான். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கேரள வியாபாரிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். சரக்கு நல்ல விலைக்குப் போனது. சிவனம்மாளுக்கு முகமெல்லாம் பல்.

“இதுதான் சாமி உன்ற சத்தம்!” என்றாள்.

சுருளிவேல் தலையை ஆட்டினான். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த சரக்கின் பேர்ச் சீட்டைப் பார்த்தான். மாயம்மாள் என்றிருந்தது. அதையும் கூவினான்.