நட்டு பிரிந்த சத்தம்

பட்டறையில் எல்லோரும் அவரை டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலிலும் சட்டைப் பையில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு, அடுத்தவர் முடித்த வேலைக்குள் எட்டிப் பார்க்கிற மனுஷன். தங்கை புருஷன் கூட்டாளியாகச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அந்த டார்ச் மூன்று வருஷமாக அணையவே இல்லை.

அன்று காலை, பின்பக்க அறையில் பழைய பேரிங்குகளைக் கிளறிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்தது அந்தச் சத்தம். கடக்!

பினியன் என்கிற பல்சக்கரத் தண்டின் நட்டு இறுகும்போது முனகும். பிரியும்போதுதான் கடக் என்னும். முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இதில் குழப்பம் வருமா? கிளறிய பேரிங்குகளை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் வரப் பத்து நிமிஷமாயிற்று. மாப்பிள்ளை எதையோ கால்சட்டைப் பைக்குள் அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, சத்தம் கேட்டுச்சே?"

"ஒண்ணுமில்ல மச்சான். நட்டு முறுக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மேஜையில் இருந்தது தங்கை ஓட்டும் வேனின் டிஃபரன்ஷியல், பின்சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டி. தினமும் காலையில் மலைப்பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன். பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே மெல்லிசாக ஓர் இரும்புக் குழாய் உட்காரும், அதுதான் சிலீவ். நட்டை முறுக்க முறுக்க அது மயிரிழை மயிரிழையாக நசுங்கி, பேரிங்கை அளவாக இறுக்கிப் பிடிக்கும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் போச்சு. நசுங்கியது நிமிராது. கழற்றி எறிந்துவிட்டு வேறு சிலீவ் போடவேண்டும். சோம்பேறிகள் அதைச் செய்யாமல் நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பி விடுவார்கள். இறுக்கத்தைக் காட்டும் அளவுமானியில் முள் சரியாகத்தான் நிற்கும். ஆனால் நட்டுக்குப் பிடிமானம் இருக்காது. ஓட ஓடக் கழன்று, பல் உடைந்து, இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால்?

டார்ச் மேஜையையே முறைத்தார். 'பாவி, தன் பொண்டாட்டி ஓட்டுற வண்டியிலயே கைவரிசையைக் காட்டிட்டானே!'

மத்தியானம் மாப்பிள்ளை கை கழுவப் போன நேரம் பார்த்து மேஜையை நெருங்கினார். அளவுமானியை மாட்டி பினியனைச் சுற்றிப் பார்த்தார். முள் இருபதில் நின்றது. கச்சிதம்! அங்கேதான் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. திருப்பி விட்டாலும் இப்படித்தானே காட்டும்? பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, லேசாக முறுக்கிப் பார்ப்பது.

நட்டை முறுக்கும் நீளக் கம்பியை மாட்டினார். நட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் இல்லை. அந்த இடத்தில் விட்டிருந்தால் கதையே வேறு. அசையாத நட்டே, அது நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டதே! ஆனால் வீம்பு விடுமா? உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். நட்டு முனகியது. முள்ளைப் பார்த்தார். நாற்பத்தைந்து.

மாப்பிள்ளை சரியாகத்தான் செய்திருந்தான். கெடுத்தது இவர்.

அலமாரியில் சிலீவ் டப்பா காலி. புதுசு வர இரண்டு நாளாகும். நாளைக் காலையில் வேன் போகவேண்டும். பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார். கம்பியை மறுபக்கம் மாட்டினார். ஒரே ஒரு இழை. யாருக்குத் தெரியப்போகிறது?

கடக்!

"மச்சான்."

வாசலில் ஈரக்கையோடு மாப்பிள்ளை. அவன் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பைக்குள் கைவிட்டு, நசுங்கிய சிலீவ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"காலைல எனக்கும் ஒரு இழுப்பு கூடிப்போச்சு. கழட்டிட்டு வேற போட்டேன். அதுதான் கடைசி. உங்க கண்ணுல பட்டா கிண்டல் பண்ணுவீங்கன்னு ஒளிச்சு வச்சேன்."

டார்ச் வாயைத் திறப்பதற்குள் தங்கை உள்ளே வந்துவிட்டாள். "வண்டி எந்த மட்டுல இருக்கு? நாளைக்குப் பிள்ளைங்க காத்திட்டிருக்கும்."

"சிலீவ் நசுங்கிடுச்சு. ரெண்டு நாளாகும்," என்றான் மாப்பிள்ளை. யார் நசுக்கியது என்று சொல்லவில்லை.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அவசரக் குடுக்கை! நல்லவேளை அண்ணன் பாத்திருக்காரு. அவர் மட்டும் இல்லன்னா நான் மலைல உருண்டிருப்பேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். பழகிப்போன குனிவு.

"நான்தாம்மா நசுக்கினேன்," என்றார் டார்ச். "அவர் வேலை சுத்தமா இருந்துச்சு. நான்தான் கம்பியைப் போட்டேன். திருப்பி விடவும் பாத்தேன்."

தங்கை சிரித்தேவிட்டாள். "போங்கண்ணே. அவரைக் காப்பாத்த இப்படியெல்லாமா புளுகுவீங்க? நீங்களாவது, நட்டைத் திருப்பி விடுறதாவது!"

மூன்று வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில், போனில், போகிற போக்கில் மாப்பிள்ளையைப் பற்றி அவள் காதில் தான் போட்டு வைத்த குறையெல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தது. டார்ச்சுக்கு வெட்கமாக இருந்தது. கம்பியை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்டை முழுசாகக் கழற்றி, பினியனை உருவி, தான் நசுக்கிய சிலீவை மாப்பிள்ளையின் சிலீவுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது காலைல அவர் கழட்டினது. இது நான் நசுக்கினது."

அவருடையதுதான் அதிகம் நசுங்கியிருந்தது. தங்கை இரண்டையும் பார்த்தாள், அண்ணனின் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.