பச்சைப் பெட்டி

பெண்களுக்கு வோட்டு வேண்டும் என்று கண்டியில் தமிழில் முதன்முதலாக மேடையேறிப் பேசியவன் தான்தான் என்று அழகமுத்து நம்பிக்கொண்டிருந்தான். உண்மையோ பொய்யோ, அவன் குடியிருந்த கட்டுக்கலையில் அதை மறுத்துப் பேச ஆள் இல்லை. காலேஜில் படித்தவன். கொழும்புத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் கிளாக்கர். மாலையில் கடை அடைத்ததும் நேரே சாஹுல் ஹமீதின் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடுவான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். இருபத்தொரு வயது நிரம்பினால் போதும், எழுத்துத் தெரியாவிட்டாலும் சொத்து இல்லாவிட்டாலும் வோட்டு உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்று சட்டம் வந்திருந்தது. அந்தக் கடையில் அன்றாடம் நடந்த சண்டை அதைப் பற்றித்தான்.

"பொம்பளைக்கு வோட்டா?" என்பார் பக்கத்துச் சுருட்டுக் கடை மூக்கையா. "எங்க வீட்டுல அவளுக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியும். கவுன்சில் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"எனக்கும் தெரியாது. ஆனா நான் ஆம்பளை."

கடை சிரிக்கும். அழகமுத்து சிரிக்கமாட்டான். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்வான்.

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறத்துல பெட்டி. சீட்டை வாங்கிட்டுத் திரைக்குப் பின்னால போயி, பிடிச்ச நிறத்துப் பெட்டியில போடணும். படிப்பே வேணாம். தொரையும் பார்க்க முடியாது, புருஷனும் பார்க்க முடியாது. அந்தத் திரைக்குள்ள அவ யாருக்கும் பொண்டாட்டி இல்ல."

"ஐயையோ, வெளிய வந்தப்புறமாச்சும் திருப்பிக் குடுப்பாங்களா தம்பி?" என்று மூக்கையா கேட்பார். கடை இன்னும் பலமாகச் சிரிக்கும்.

பேச்சோடு அவன் நிற்கவில்லை. தன் சந்தில் வீடுவீடாக ஏறி இறங்கிப் பத்தொன்பது பெண்களின் பெயரைப் பட்டியலில் ஏற்ற வைத்தான். முதல் பெயர் அவன் மனைவி இரத்தினம்மாவுடையது.

அந்தத் தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். பச்சைப் பெட்டி, கோர்ட்டில் வாதாடும் ஓர் அப்புக்காத்துக்கு. வாசிகசாலைக்கு இரண்டு அலுமாரியும் நாற்பது புத்தகமும் கொடுத்தவர். அழகமுத்துவைக் கூட்டத்தில் தோளில் தட்டி, "நம்ம தம்பி" என்றவர். மஞ்சள் பெட்டி டாக்டர் மஹ்மூதுக்கு.

டாக்டர் மஹ்மூதை அழகமுத்துவின் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். முந்தின வருஷம் அவர்களுடைய ஒரே பிள்ளை செண்பகத்துக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மூன்று வயது. இருபத்தொரு நாளும் அவர் கட்டுக்கலை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தார். வீட்டில் இருந்த ஒற்றைக் கதிரையில் உட்காராமல் பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவார். காய்ச்சல் இறங்கிய அன்று கஞ்சித் தண்ணீரைத் தன் கையாலேயே கரண்டியில் ஊட்டினார். இரத்தினம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"டாக்டரய்யா நிக்கிறாராமே. மஞ்சப் பெட்டியாம்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். முடிந்துபோன காரியத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அழகமுத்து, "பார்க்கலாம்" என்றான்.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சாஹுல் ஹமீது டாக்டரின் ஆள். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"முத்துத் தம்பி, கட்டுக்கலை பத்தொம்பது வோட்டும் ஒங்கட கையில எண்டு அப்புக்காத்து சொல்லித் திரியுறாரே, மெய்தானா?"

"மெய்தான், ஹமீது நானா."

"ஒங்கட ஊட்டு வோட்டும் சேத்தா?"

"அது முதல் வோட்டு."

"ஒங்கட புள்ளைக்கு மருந்து குடுத்தது யாரு எண்டு ஊட்டுல மறந்துபோச்சாக்கும்."

யாரோ சிரித்தார்கள். மூக்கையா விடவில்லை. "ஹமீது நானா, தம்பிய ஏன் போட்டு வாட்டுறீங்க? திரைக்குப் பின்னால அந்தம்மா யாரு பொண்டாட்டியும் இல்லன்னு அவரே சொல்லியிருக்காரு. அவரு எதுக்குப் போய்க் கேக்கப்போறாரு?"

இந்தத் தடவை கடை முழுவதும் சிரித்தது. அழகமுத்து பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. செண்பகம் தரையில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இரத்தினம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இரத்தினம், பச்சையிலதான் போடுவேன்னு சொல்லு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "யாரும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் யாரோவா?"

அவள் முறத்தில் கிடந்த ஒரு நெல்லைப் பொறுக்கினாள்.

"சொன்னா மட்டும் போதாது. செண்பகம் தலையில கை வச்சுச் சொல்லு."

"புள்ள தலையிலயா?"

"ஆமா."

"என்னங்க, வேணாங்க. சாமி மேல செய்றேன். சூடத்தை அணைச்சுச் செய்றேன்."

சாமி மேல் செய்த சத்தியம் தவறினால் பரிகாரம் செய்துகொள்ளலாம், பிள்ளை தலையில் செய்ததற்குப் பரிகாரம் கிடையாது என்பது அவள் நம்பிக்கை. அவள் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அழகமுத்து விஞ்ஞானம் படித்தவன். இதையெல்லாம் நம்பாதவன். அவள் நம்புவாள் என்பதை மட்டும் நம்பினான்.

"பிள்ளை தலையில" என்றான் மறுபடியும்.

அவள் குனிந்து செண்பகத்தின் உச்சியில் கை வைத்தாள். பிள்ளை ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டிச் சிரித்தது. "பச்சையில போடுறேன்" என்றாள் இரத்தினம்மா. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு புடைக்கத் தொடங்கினாள். அரிசியில் கல் இருந்ததோ இல்லையோ, வெகுநேரம் புடைத்தாள்.

தேர்தல் நாள் தூறலாக இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பெண்கள் வரிசை வேலி வரைக்கும் நீண்டிருந்தது. கட்டுக்கலைப் பெண்கள் கோயிலுக்கு உடுத்துகிற சேலையில் வந்திருந்தார்கள். அழகமுத்து சட்டையில் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு நின்றான். சந்துப் பெண்கள் அவனைக் கடந்தபோது ஒவ்வொருத்தியும் சிரித்துத் தலையாட்டினாள். இரத்தினம்மா உள்ளே போனாள், வந்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தனியாக இறக்கத்தில் இறங்கி நடந்தாள்.

அப்புக்காத்து ஆயிரக்கணக்கில் ஜெயித்தார். கட்டுக்கலைப் பெண்களின் வோட்டு மொத்தமும் இல்லாமலே ஜெயித்திருப்பார்.

அழகமுத்துவுக்கு விஷயம் தெரியவந்தது நான்காம் நாள். காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். வெளியே குழாயடியில் பக்கத்து வீட்டு நல்லம்மாவின் குரல் கேட்டது.

"நாங்க பதினெட்டுப் பேரும் மஞ்சள்லதான் போட்டோம். உன் வீட்டுக்காரரு மனசு நோகக் கூடாதுன்னு தலைய ஆட்டி வச்சோம். நீயும் மஞ்சள்தானே? உனக்கு நான் சொல்லவா வேணும்."

தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடி?"

"நான் பச்சையிலதான் போட்டேன்."

"விளையாடாத."

"இல்லக்கா. பச்சையிலதான்."

"அடிப்பாவி. உன் புள்ளைய எமன்கிட்டேருந்து புடுங்கிக் குடுத்த மனுஷனுக்கா?"

அவன் ரேஸரைப் பிடித்தபடி நின்றான். சோப்பு நுரை காய்ந்தது. அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். என் புருஷன் சத்தியம் வாங்கினார் என்று ஒரே வார்த்தை. அவள் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் தாடையில் ரத்தம் வந்திருந்ததைப் பார்த்து ஒரு துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் முறை வரும்போது பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்காரிகள் அவளிடம் நெருப்பு வாங்க வருவதை விட்டார்கள். சந்திலிருந்து பத்தொன்பது பெண்கள் திரைக்குள் போனார்கள். பதினெட்டுப் பேர் தங்கள் இஷ்டப்படி போட்டார்கள். இஷ்டப்படி போடாதவள் அவன் வீட்டில் இருந்தாள். அதை அவன் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

அடுத்த வாரம் செண்பகத்துக்கு இருமல் வந்தது. "டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றான்.

"நான் போகல."

"ஏன்?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?"

அவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் மஹ்மூத் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மழைக்காலத்துச் சளிதான், பயமில்லை என்றார்.

"எங்க, அம்மா வரல்லியா? எப்பவும் அவங்கதானே தூக்கிட்டு வருவாங்க."

"வேலை" என்றான் அழகமுத்து.

டாக்டர் மருந்தெழுதிக்கொண்டே சொன்னார். "நான் தோத்ததுல எனக்கு ஒண்டும் கவலையில்ல. நீங்க எனக்கு எதிராத்தான் வேலை செஞ்சீங்க, அதுவும் சரி. ஆனா பெண்கள் வோட்டைப் பத்தி நீங்க பேசின பேச்சைக் கேட்டன். நல்ல பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எங்கட ஊட்டுலயும் என்ட பொஞ்சாதி ருக்கியா போய்ப் போட்டாங்க. யாருக்குப் போட்டாங்க எண்டு நான் கேக்கல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அழகமுத்துவின் வாய் திறந்தது. பிள்ளை இருமியது. அவன் வாயை மூடிக்கொண்டான். மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, டாக்டர் காசு வாங்கவில்லை என்பதே வாசலைக் கடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

அன்று மாலை, இரண்டு மூன்று வாரமாகப் போகாமல் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனான். யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் போலிருந்தது. சத்தமாகச் சொன்னால் சந்துக்குப் போய்ச் சேரும், இரத்தினம்மாவின் மேல் விழுந்த பழி இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். உட்காராமல் சொன்னான்.

"என் வீட்டுல பச்சையில போட்டது அவ இஷ்டம் இல்ல. நான்தான் பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன்."

கடையில் இருந்த தலைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. பிறகு மூக்கையா தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அப்படிப் போடு! ஊருக்கெல்லாம் திரை, உங்க வீட்டுக்கு மட்டும் கடிவாளமா? தம்பி, உங்கள என்னமோ இங்கிலீஷ்காரன்னு நெனச்சேன். நீங்க நம்ம ஆளுதான்!"

"அண்ணே, நான் பெருமைக்குச் சொல்லல."

"பெருமைதான்யா. இதைவிட என்ன பெருமை? பதினெட்டு வீட்டு ஆம்பளைங்களால முடியல, நீங்க முடிச்சிட்டீங்க. ஹமீது நானா, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி, என் கணக்குல."

கடை ஆர்ப்பரித்தது. சாஹுல் ஹமீது மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. "குடிங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் கதை சந்துக்கு வந்துவிட்டது. வந்தது மூக்கையாவின் கதை. அழகமுத்து கடையில் நின்று மார்தட்டிச் சொன்னானாம், எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தானாம்.

வேலை முடிந்து அவன் வந்தபோது இரத்தினம்மா செண்பகத்துக்கு மருந்து கொடுக்கக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடையில சொன்னீங்களாமே."

"சொன்னேன். ஆனா அவங்க சொல்ற மாதிரி இல்ல."

"எல்லாரும் சிரிச்சாங்களாம்."

"நான் சிரிக்கல இரத்தினம்."

அவள் அதை நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "நல்லம்மாக்கா வந்துச்சு" என்றாள். "கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. இனிமே யாரும் என்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நன்றி கெட்டவள்னு பார்த்தப்ப நிமிந்தாச்சும் நின்னேன். இப்ப ஐயோ பாவம்னு பாக்குறாங்க."

அவன் கதிரையில் உட்கார்ந்தான். எழுந்தான். சுவரோரம் போய் நின்றான்.

"அடுத்த வோட்டு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"நாலஞ்சு வருஷமாகும்."

"என் பேரை நீங்க எழுதாதீங்க. எழுதணும்னா நானே சர்க்கார் கச்சேரிக்குப் போய் எழுதிக்குறேன்."

"அங்க புருஷன் பேரு கேப்பாங்க" என்றான். ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னான்.

"சொல்லிக்குவேன்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் வாயில் அவன் பெயர் வந்ததில்லை. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குக் கேட்டால்கூட அவனைத் திரும்பிப் பார்ப்பாள். பக்கத்துப் பெண்களிடம் செண்பகத்தின் அப்பா என்பாள். இப்போது அவள் அவனை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. எழுதுகிறவன் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழகிப்பார்ப்பவள் போல இருந்தாள்.

"அழகமுத்து" என்றாள்.

யாரோ தெருவிலிருந்து கூப்பிட்டது போலிருந்தது அவனுக்கு. வாசலைப் பார்த்தான்.

அவள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "வாயைத் தொற, செண்பகம்" என்றாள்.