மூக்கரின் கொட்டகை

கோழிகளுக்குத் தும்மல் வந்துவிட்டது. கோழி தும்முமா என்று கேட்டால் சிரிப்பு வரும். தும்மும். ஒன்றிரண்டு தும்மினால் போகட்டும் என்று விடலாம். கொட்டகை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சளக் சளக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்தால், கறிக்கோழி வளர்க்கிறவருக்கு அன்றோடு தூக்கம் போச்சு. அன்று காலையில் மூக்கரின் கொட்டகையில் அப்படித்தான் கேட்டது.

மூக்கர் என்பது அவர் பெயர் இல்லை. அவருடைய மூக்கும் அப்படியொன்றும் பெரிய மூக்கில்லை. கொட்டகைக்குள் போனதும் முட்டி போட்டு, கோழி நிற்கிற உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, மூச்சை இழுத்துப் பார்ப்பார். "ம்ஹும், அந்தக் கோடியில உமி ஈரமாயிருக்கு" என்பார். அங்கே தரையில் பரப்பியிருக்கிற உமியை அள்ளிப் பிடித்தால் கட்டியாக நிற்கும். எச்சமும் ஈரமும் சேர்ந்து நெடி கிளம்புவதற்கு முன்பே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமை. மறைக்கத் தெரியாது, பாவம்.

ஆன்டிபயாடிக் போடாமல் வளர்க்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா? மருந்துப் பொட்டலம் சோம்பேறிக்குக் கிடைத்த வரமய்யா! உமி நனைந்ததா, குழாய்க்குள் பாசி பிடித்ததா, காற்று கெட்டதா, எதையும் கண்டுகொள்ள வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி கலக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்தக் கரண்டியைத் தூக்கி எறிந்தவர் தூக்கத்தையும் சேர்த்து எறிய வேண்டும். உமியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். கோழிகளை நெருக்கியடிக்காமல் குறைவாக விட வேண்டும். பக்கவாட்டுப் படுதாவை வெயிலுக்கும் காற்றுக்கும் தகுந்தபடி ஏற்றி இறக்க வேண்டும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே மட்டும் போடுகிற ரப்பர் பூட்ஸை மாட்டி, மருந்துத் தண்ணீரில் காலை முக்கித்தான் நுழைய வேண்டும். இதற்கெல்லாம் மேல் மூக்கர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். அவரைத் தவிர ஈ காக்கை அந்தக் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. வேற்றாள் காலோடுதான் நோய் வரும் என்பார். தீவன மூட்டை இறக்குகிற மைத்துனனுக்கே வாசலோடு சரி.

அவர் மருந்தை விட்டதற்குக் காரணம் மனைவியின் கால். தகரம் கிழித்த சின்னக் காயம்தான். அது புண்ணாகி, சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கொடுத்த எந்த மருந்துக்கும் மசியவில்லை. "கிருமிக்கு இந்த மருந்தெல்லாம் பழகிப்போச்சு" என்றார் அங்கிருந்த டாக்டர். கோழிக்குப் போட்ட மருந்தால்தான் என்று அவர் சொல்லவில்லை. அப்படி யாரும் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து தீவன அறையில் பொட்டலத்தைத் தொட்டபோது மூக்கருக்குக் கை வரவில்லை. கடைசியில் ஏதோ ஒரு மருந்து கேட்டுக் கால் பிழைத்தது. ஆறுகிறவரை மாதக்கணக்காக அவர்தான் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். அதற்கப்புறம் மனைவியைக் கொட்டகைப் பக்கமே அண்டவிடவில்லை.

இப்போது தும்மல். விடாத மழை, குளிர் வேறு. குஞ்சாக வந்தவை பாதிக் கோழியாக வளர்ந்து நிற்கிற நேரம். குளிருக்குப் பயந்து படுதாவை முழுக்க இறக்கி வைத்திருந்தார். தினமும் முட்டி போட்டு மோந்து பார்த்தார். காற்று நன்றாகத்தான் இருந்தது. பின்னே எங்கேயிருந்து வந்தது இது? குழாயை மறுபடி அலசினார். தீவனத்தைக் கொட்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். கண் இரண்டும் சிவந்து எரிந்தது. தூக்கம் இல்லாத கண் எரியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்.

"மாமா, படுதா ஓரத்துல நின்னா நெடி தூக்குதே" என்றான் மைத்துனன், மூட்டையை இறக்கிவிட்டு.

"என் மூக்குக்குத் தெரியாதது உன் மூக்குக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்? போடா, போய் அடுத்த மூட்டையை எடு."

அவன் அடுத்த மூட்டைக்குப் போனான். மூக்கர் மூக்கைப் பற்றி மூக்கரிடமே பேசி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஒரு கோழி செத்துப்போனதும் கால்நடை டாக்டரை வரவழைத்தார்கள். அவரையும் மூக்கர் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினார். அங்கேயே ஒரு கல்மேல் வைத்துக் கோழியை அறுத்துப் பார்த்தார் டாக்டர்.

"மூச்சுக்குழல் சிவந்திருக்கு. ஏதோ அரிக்குது. இன்னும் உள்ள இறங்கல. காத்து எப்படி இருக்கு?"

"காத்தா? அதை நான் பாத்துக்கிறேன் சார்."

"நான் ஒரு தடவை உள்ள வந்து பாக்கட்டுமா?"

"தப்பா நினைக்காதீங்க. நீங்க ஊர்ப்பட்ட பண்ணைக்குப் போயிட்டு வர்றவங்க."

"அதுவும் சரிதான்" என்று டாக்டர் கையைக் கழுவினார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. குறையலைன்னா மருந்து குடுத்துத்தான் ஆகணும். உங்க வைராக்கியத்துக்காக அதுங்க மூச்சு முட்டிச் சாகக் கூடாது இல்லையா?"

டாக்டர் சொன்னதில் என்ன தப்பு?

அவர் போனதும் மைத்துனன் மருந்துப் பொட்டலத்தை எடுத்துத் தீவன மூட்டைமேல் வைத்தான். "நம்ம கோழியை எடுக்குற கறிக்கடைக்காரருக்கு மருந்து போடாத கோழிதான் வேணும், தெரியும். இந்தத் தடவை போட்டா அவர் வாங்க மாட்டார். போகட்டும் மாமா. நீங்க கண்ணாடியில முகத்தைப் பாத்தீங்களா? கலக்கி விட்டுட்டுப் போய்ப் படுங்க."

அவன் அதட்டிச் சொல்லியிருந்தால் மூக்கர் சண்டை போட்டிருப்பார். பரிவாகச் சொல்லிவிட்டான். அதுதான் அவரைச் சாய்த்தது. "சாயங்காலம் கலக்கிடலாம்டா மாப்ளே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சமையலறையில் அடுப்பில் பால் இருந்தது. "பொங்கினா அணைச்சுடுங்க. மழை வருது, துணியை எடுத்துட்டு வந்துடுறேன்" என்று மனைவி பின்பக்கம் ஓடினாள். மூக்கர் அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தகரக் கூரைமேல் மழை கொட்டியது. மருந்தைக் கலக்கப் போகிற கையை நினைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயையோ!" மனைவி துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி, வற்றி, அடி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. "தீயுற நாத்தம் கொல்லை வரைக்கும் வருது! பக்கத்துலயே உக்காந்துட்டு அப்படியென்ன தூக்கம்?"

"தூங்கலையே."

"பின்னே?"

மூக்கர் கண்ணைத் திறந்து பாத்திரத்தைப் பார்த்தார். எழுந்து, அதற்குள் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி மோந்தார். மூலையில் இருந்த பினாயில் பாட்டிலைத் திறந்து மோந்தார். தண்ணீரை மோந்ததுபோல இருந்தது. நிஜமாகவே ஒன்றும் இல்லை.

"எனக்கு மூக்கு போயிடுச்சு" என்றார்.

மனைவி கருகிய பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாக, "நான் சோப்பு மாத்தி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நல்ல வாசனைன்னு தேடிப் புடிச்சு வாங்கினேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கல. சரி, வயசாயிடுச்சு, நம்மளைக் கண்டுக்க மாட்டேங்கறார்னு விட்டுட்டேன்" என்றாள்.

மூக்கர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். "நீ கொட்டகைக்குள்ள வரணும். இப்பவே."

"என்னை அந்தப் பக்கமே வராதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான். வா."

அவளுக்கு ரப்பர் பூட்ஸ் பெரிதாக இருந்தது. காலை முக்கி, கதவைத் தள்ளி, ஒரே ஒரு அடி வைத்தாள். அவ்வளவுதான், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டாள்.

"அம்மாடி! கண்ணைப் பிடுங்குது! இதுக்குள்ள எப்படிங்க அந்த வாயில்லா ஜீவன்கள் இருக்கும்? உங்க சட்டை இப்படி நாறும்போதெல்லாம், மருந்து போடலைன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு தனியா ஊற வெச்சேனே!"

யாரையும் உள்ளே விடாமல் காத்த மனிதர், அந்த நெடியைச் சொல்லக் கூடிய ஒரு மூக்கைக்கூட உள்ளே விடாமல் காத்திருக்கிறார். வருஷக்கணக்காகக் கோழி எச்ச நெடியை இழுத்து இழுத்து அந்த மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. என்றைக்கு என்று அவருக்கே தெரியாது.

அப்புறம் நின்று பேச நேரம் இல்லை. குளிர்காற்று நேராக அடிக்காத பக்கம் படுதாவை ஏற்றினார்கள். ஈர உமியை வாரி வெளியே கொட்டினார்கள். மைத்துனனுக்கும் அன்றைக்குச் சட்டம் தளர்ந்தது. முனகிக்கொண்டே உலர்ந்த உமியைச் சுமந்து வந்து பரப்பினான். மனைவி நடுநடுவே உள்ளே போய் நின்று, "இங்க போதும், அந்த மூலையில இன்னும் இருக்கு" என்று கைகாட்டினாள். மூக்கர் அவள் காட்டிய இடத்தை எல்லாம் வாரினார். மருந்துப் பொட்டலம் மூட்டைமேல் அப்படியே கிடந்தது. அதைத் தொட அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து படுதாவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டார். தும்மல் அங்கங்கே இருந்தது. ஆனால் நன்றாகக் குறைந்திருந்தது. கோழிகள் தீவனத் தட்டைச் சுற்றி முண்டியடித்தன. "மருந்து வேண்டாம். இப்படியே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மைத்துனன் பொட்டலத்தை எடுத்து ஒளித்து வைத்தான்.

கணவனும் மனைவியும் கொட்டகை வாசலில் தீவன மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் எழுந்து வீட்டுக்குப் போகிற தெம்புகூட இல்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் மனைவி. "கேக்கலாமா வேண்டாமான்னு நேத்துலேருந்து தவிச்சுக்கிட்டு இருக்கேன்."

"கேளு."

"என் கால் புண்ணு நாறினப்போ கூடப்பொறந்த அக்காவே வாசலோட நின்னுட்டுப் போனா. நீங்க மட்டும்தான் மூக்கைச் சுளிக்காம தினமும் கட்டுப் போட்டீங்க. அதை நினைச்சு நினைச்சுத்தான் நான் பொழைச்சேன். அப்பவே உங்களுக்கு மூக்கு போயிடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். மூக்கருக்கு அது வராது.

"தெரியல. நாத்தம் அடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல."

அவள் முகம் வாடிப்போயிற்று. மூக்கர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா நீ ஒவ்வொரு தடவையும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவ. கோழிக்கு மருந்து ஊத்தின கை ஆச்சே, இந்தப் பாவியால வந்த வினைன்னு என்னைப் பாக்கவே உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். நாளைக்கு என்னைத் தொடாதேன்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் தினமும் கட்டினேன்."

"அட மனுஷா! என் நாத்தம் எனக்கே தாங்கல! அதுக்குத் திரும்பிக்கிட்டேன்!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். மூக்கருக்கும் கண்ணீர் வந்தது. இந்தத் தடவை நெடியின் மேல் பழி போட முடியாது. அவர் நகர்ந்து அவள் தோளில் கை போட்டார்.

"முதல்ல போய்க் குளிங்க" என்று அவள் தலைப்பால் தன் மூக்கைத் துடைத்தாள். "கொட்டகையைவிட நீங்கதான் நாறுறீங்க."

மூக்கர் சட்டைக் கையை மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"என் சோப்பை எடுத்துக்கங்க" என்றாள். "வாசனை எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்."