ஹொனாமிக்கு எழுதிய இரங்கல் அட்டை

செத்துப்போன பிள்ளையின் மேசையில் வைக்கிற பூச்சாடியை, உயிரோடு இருந்த ஹொனாமியின் மேசையில் வைத்தவர்கள் அவளுடைய தோழிகளேதான். வெள்ளைச் சாமந்தி வாங்கி வந்தவள் ரின்கோ. வகுப்பு முழுக்க ஓர் அட்டையைச் சுற்றவிட்டு, முப்பத்தொரு பேரிடம் இரங்கல் எழுதி வாங்கியவள் சிகுசா. பதினான்கு வயதில் அதற்கு விளையாட்டு என்று பெயர். ஹொனாமியும் சிரித்துத்தான் வைத்தாள். அந்தச் சிரிப்பை நம்பியதுபோல் நடித்தாளே சிகுசா, அதற்கு என்ன பெயர் வைப்பது?

மூன்றே வாரத்தில் ஆற்று வெள்ளம் ஹொனாமியைக் கொண்டுபோனது. கால் தவறிவிட்டது என்றார்கள். பூச்சாடியைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் தோழிகள் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, ரின்கோவின் அலுவலக மேசையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைச் சாமந்தி இருந்தது. மூன்றாம் நாள் அவள் மாடிப்படியில் உருண்டு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

"யாரோ தள்ளுனாங்கடீ. ஈரக் கை. அவளேதான்," என்று ஆஸ்பத்திரியில் அழுதாள்.

நேற்றுக் காலை சிகுசாவின் மேசையிலும் சாமந்தி இருந்தது.

இறந்தவர்கள் வீடு திரும்புவதாக ஜப்பானில் நம்பும் ‘போன்’ பண்டிகை நாட்கள் அவை. ஹொனாமியின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்று நினைத்து, பட்டப்பகலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அடடே, சிகுசாவா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்க."

அம்மா பார்லித் தேநீரை வைத்துவிட்டுப் பூஜைப் பெட்டியைக் காட்டினாள். ஹொனாமியின் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது அந்த அட்டை.

"அவ போனப்புறம் பள்ளிக்கூடத்துலேர்ந்து பைய அனுப்புனாங்கல்ல, அதுல இருந்துச்சு. எம்பொண்ணுக்காக இத்தன பேர் அழுதிருக்கீங்களேம்மா! தெனம் படிப்பேன். இல்லேன்னா நானும் அந்த ஆத்துலயே விழுந்திருப்பேன்."

சாவதற்கு முன்பே எழுதிய அட்டை அது. அம்மாவுக்கு அது தெரியாது.

"அம்மா, அந்த அட்ட... அதை நாங்க..."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பாய் நனைந்தது. பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள் ஹொனாமி. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்களில் பன்னிரண்டு வருடக் கோபம். சிகுசாவின் கழுத்தைத் தேடித்தான் அந்தக் கைகள் வரும் என்று பார்த்தால், அவை அம்மாவின் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்தின.

"அவ உசுரோட இருக்கும்போதே எழுதுனோம்மா! கேலிக்கு எழுதுனோம்! நாந்தான் எழுத வெச்சேன்!" என்று சிகுசா கதறினாள்.

அம்மா தலையைச் சாய்த்துப் புன்னகைத்தாள். "என்னம்மா சொல்ற? காது ஒரே இரைச்சலா இருக்கு, ஆத்துத் தண்ணி மாதிரி."

அம்மாவின் ஒரே பிடிமானத்தைப் பறித்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறோம் என்பது சிகுசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் நெற்றி பாயைத் தொட்டது.

"அழாதம்மா. உன்ன மாதிரி சிநேகிதி யாருக்குக் கெடைக்கும்? அடுத்த வருஷமும் வருவியா?"

ஹொனாமி கைகளை எடுத்தாள். இதற்கு வரும் பதிலை மட்டும் அம்மா கேட்கலாம்.

"வருவேம்மா," என்றாள் சிகுசா. "ஒவ்வொரு வருஷமும் வருவேன்."