தலைகீழ் அந்தோணியார்

பதினெட்டு வருடமாக அந்த மேட்டுத் தெருவில் இவோனி ஏறி இறங்காத படி இல்லை. சுகாதார ஊழியர். பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பாள், பழைய டயரைத் தூக்கச் சொல்வாள், தேங்கிய தண்ணீரைக் கண்டால் சாமி வந்தவள்போல ஆடுவாள். அப்படியும் போன வருடம் டெங்கு பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. அதில் ஒருத்தி அவள் மகள். பிழைத்ததே பெரிய காரியம்.

இந்த வருட உத்தரவோ நேர்மாறு. டெங்குக் கிருமி தங்க முடியாத புதுவகைக் கொசுவாம். அதன் முட்டை உள்ள பெட்டியில் தண்ணீர் ஊற்றி, பதினைந்து நாள் தொடாமல் வைக்கவேண்டும். பொரிந்து பறந்து ஊர்க்கொசுவோடு கலந்தால் நோய் அடங்கும். நாற்பது வீட்டுக்கும் கொடுத்தாள். தெருவில் வைத்த கொசுப்பொறிகளில் புதுக்கொசு சிக்காவிட்டால் இந்தத் தெருவைக் கைகழுவிவிடுவோம் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

பதினைந்தாம் நாள் போனால், நாற்பது பெட்டியும் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்கின்றன. தலைமை தாங்கியவள் ஜுரேமா, அறுபது வயது விதவை.

"ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன்டி. உள்ள புழு நெளியுது. பதினெட்டு வருஷமா நீ கத்தினது காதுலயே கேக்குது, தூக்கம் வரல. பிளீச்சிங் போட்டுத் தேச்சுட்டேன். ஒரு வீடு விடல."

முகத்தில் பெருமை வழிந்தது. திட்ட வாயெடுத்த இவோனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தன் வினை தன்னைச் சுட்டால் யாரை நோவது?

அப்போதுதான் ஜுரேமா வீட்டு அலமாரியில் அந்தக் கண்ணாடி டம்ளர் கண்ணில் பட்டது. தண்ணீருக்குள் தலைகீழாகப் புனித அந்தோணியார் சிலை. மாப்பிள்ளை தேடித்தரும்வரை அவரை நிமிர்த்துவதில்லை. அது அந்த ஊர்ப் பெண்கள் அவருக்குப் போடும் தண்டனை. இவோனி எத்தனை சண்டை போட்டும் அந்த ஒரு தண்ணீரை மட்டும் ஜுரேமா கொட்டியதே இல்லை.

இவோனி மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் நாற்பது பெட்டி வாங்கிவந்தாள். ஒவ்வொன்றிலும் அந்தோணியார் படத்தைத் தலைகீழாக ஒட்டினாள். தெருவுக்கு நோய் வரக்கூடாது என்று வேண்டியிருக்கிறேன், பலிக்கும்வரை தொடாதீர்கள் என்றாள். ஒருவரும் தொடவில்லை.

அந்தோணியாரின் ஜூன் திருவிழாவன்று முடிவு வந்தது. பொறியெல்லாம் புதுக்கொசு. படியேறி ஓடிவந்து சொன்னபோது இவோனிக்கு மூச்சு வாங்கியது, கண் நிறைந்திருந்தது. அக்கார்டியன் முழங்க, சோள கேக் கையோடு தெருவே ஆடியது. அவள் மகளும் ஆடினாள். பெட்டிப் படங்களையெல்லாம் பெண்கள் நிமிர்த்தி ஒட்டினார்கள்.

ஜுரேமா மட்டும் தன் டம்ளர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கொசு கேட்டவளுக்குக் கொசு குடுத்துட்ட. புருஷன் கேட்டவளுக்கு எப்பய்யா?"