தீக்குச்சி எரியாத தூரம்

பொறியாளரைச் சுற்றிக் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் எந்த நெருப்பும் எரியாது. தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் எப்போது திறக்கும் என்பது தெரிந்திருப்பதைப் போலத்தான் தெரியும். முதலில் கண்டுகொண்டது அவருடைய சிகரெட். பற்றவைக்கப் பற்றவைக்கத் தீக்குச்சிகள் தலை கறுத்து அணைந்தன, லைட்டர் வெறுமே கிளிக் கிளிக் என்றது. சனியன் பிடித்த பழக்கம் இப்படியாவது தொலைந்ததே என்று அவர் மனைவி சந்தோஷப்பட்டாள். மறுநாள் காலை காபி கேட்டுக்கொண்டே அவர் சமையலறைக்குள் வந்து பக்கத்தில் நின்றபோது அடுப்பு பொக்கென்று அணைந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. காஸ் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தாள், பர்னரைக் கழுவினாள், ஜன்னலைச் சாத்தினாள். கடைசியில் அவரை முன்னே வரச் சொன்னாள், பின்னே போகச் சொன்னாள், இன்னொரு தரம் முன்னே வரச் சொன்னாள். "நீங்க ஹால்லயே உக்காருங்க, காபி தேடிக்கிட்டு வரும்," என்றாள். அன்றிலிருந்து அவர் ஹாலில் உட்கார்ந்தார், காபி தேடிக்கொண்டு போனது.

இது தொடங்கியது அந்த வருடத்துப் பராமரிப்பு வேலைகள் முடிந்த கையோடு. தீப்பிடிக்கும் திரவம் வைக்கிற தொட்டிகளில் நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். நைட்ரஜன் இருக்கும் இடத்தில் நெருப்புக்கு மூச்சு கிடையாது. மனிதனுக்கும் கிடையாது, ஆனால் அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, உள்ளே போகிறவனுக்கு நெஞ்சு அடைக்கிற உணர்வுகூட வராது, கால் மடங்கும், அவ்வளவுதான். அதனால் தொட்டியைக் கழுவ ஆள் இறங்குவதற்கு முன்னால் நைட்ரஜன் குழாயை இணைப்பில் பிரித்து, நடுவே ஓட்டை இல்லாத முழு இரும்புத் தகடு ஒன்றை வைத்து முடுக்க வேண்டும். அதற்குப் பிளைண்டு என்று பெயர். வால்வை மட்டும் மூடினால் போதாது, எந்த வால்வும் என்றைக்காவது கசியும் என்பது ரசாயனப் பொறியியல் படிக்கிறவர்கள் மீசை முளைப்பதற்குள் படித்துவிடுகிற பாடம். அந்த வருடம் குழாயின் அளவுக்குத் தகடு ஸ்டோரில் இல்லை. வெட்டி எடுத்துவர மறுநாள் ஆகும். சேர்மன் வந்து யூனிட்டைத் தொடங்கிவைப்பதாக இருந்ததும் அந்த மறுநாள்தான். தகடு வரட்டும் சார் என்றார் போர்மேன். "வால்வு புதுசுப்பா, இப்பதானே மாத்தினோம். நல்லா இறுக்கு, போதும்," என்றார் பொறியாளர். அதட்டிச் சொல்லவில்லை, தோளில் கை போட்டுத்தான் சொன்னார்.

தொட்டி கழுவப் போனவர் ஏணியின் அடியில் களைத்தவர் மாதிரி உட்கார்ந்தார். அவரை எழுப்பப் போன தம்பி அவர் மேலேயே சாய்ந்தார். என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்த போர்மேன், தன் ஆட்கள் கீழே கிடக்கத் தான் மேலே நிற்க முடியாமல் இறங்கினார், அவரும் ஏறவில்லை. விசாரணை நடத்த வந்தவர்கள், பிளைண்டு போடாமல் ஆளை இறக்கியது போர்மேனின் தவறு என்று முடிவு செய்தார்கள். பதில் சொல்ல போர்மேன் இல்லை. சேர்மன் ஒரு வாரம் தள்ளி வந்து, நல்ல வெயிலில், சிவப்புப் பொத்தானை அழுத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். பொறியாளர் சிகரெட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியை உரசியது அப்போதுதான்.

அவர் பாய்லர் பக்கம் போனால் பாய்லர் நின்றது. "சார் வர்றாரு, சார் வர்றாரு," என்று ஆபரேட்டர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டார்கள். மாமியார் வருகையைக்கூட அப்படி யாரும் அறிவித்திருக்க மாட்டார்கள். இதனால் அவர் வேலை போயிருக்க வேண்டியது. ஆனால் ஒருநாள் எண்ணெய்த் தொட்டி ஒன்று தீப்பிடித்து எரிய, தண்ணீரும் நுரையும் தோற்றுப்போக, அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக நடந்தார். தீ அவர் முன்னால் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி அடங்கிப் போனது. பத்திரிகையில் படம் வந்தது, பதவி உயர்ந்தது. அதற்கப்புறம் எங்கே எரிந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். காரில் போனால் இன்ஜின் செத்தது, ஆகவே பேட்டரி வண்டி. விமானத்தில் ஏற்றப் பைலட்டுகள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள், ஆகவே கப்பல், அதுவும் இன்ஜின் அறைக்கு எதிர்முனையில். கடலுக்கு அந்தப்பக்கம் மாதக்கணக்காக எரிந்த எண்ணெய்க் கிணறு ஒன்றை, அதன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் அணைத்தார். ஒவ்வொரு பாராட்டுக்கும், நெருப்பு எரியாத வட்டம் கொஞ்சம் பெரிதானது. டீச்சர் தீக்குச்சியை உரசிக்கொண்டே ஹாலில் பின்வாங்கி, எந்தத் தரைக்கல்லில் நின்றால் எரிகிறது என்று பார்த்து வைத்திருந்தாள். அவர் டைரக்டர் ஆனபோது சாப்பாட்டு மேசை வட்டத்துக்குள் போனது. வெளிநாட்டுப் பதக்கம் வந்தபோது சமையலறை போனது. அவள் அடுப்பை மாடிக்குக் கொண்டுபோனாள்.

ஒரே ஒரு நாள் மட்டும் வட்டம் சுருங்கியது. பேட்டரி வண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே நின்றுவிட, பொறியாளர் இறங்கி நின்ற இடம் போர்மேனின் மனைவி நடத்துகிற டீக்கடை. கடை அடுப்பு அணைந்ததும் அந்த அம்மாள் வெளியே வந்தாள். "தகடு வரட்டும்னு என் வீட்டுக்காரர் சொன்னாரா, இல்லியா? உங்க வாயாலயே சொல்லுங்க," என்றாள். தெருவே நின்று பார்த்தது. அவர் தலை குனிந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் டீச்சர் உரசிய தீக்குச்சி அவர் மூக்குக்குக் கீழே எரிந்தது. விரல் சுடும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தொழில் மாநாட்டில் அவரைப் பற்றி ஒருவர் நாலு நல்ல வார்த்தை பேசினார், எல்லாம் பழையபடி ஆனது.

அவர் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், சிறந்த ரசாயனப் பொறியாளர் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது டீச்சருக்குக் காலையில் தலைபாரம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கட்டிலில் யார் பக்கத்தில் படுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. இந்த விருது சின்ன விருதல்ல. கல்லூரி வராந்தாவில் படம் மாட்டுவார்கள், சாதனைகளை வாசிப்பார்கள், அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். நெருப்போடு மூச்சும் நிற்கிற இடம் எவ்வளவு தூரம் போகும் என்று அவள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். கட்டில், மாடி, வாசல் எல்லாம் உள்ளே வந்தன.

"வேண்டாம்னு சொல்லிடுங்களேன்," என்றாள்.

"அந்தக் காலேஜ் படியில மொத மொதல்ல ஏறினப்ப என் கால்ல ஒரு நல்ல செருப்பு கிடையாது. இப்ப அங்க என் படத்தை மாட்டப் போறாங்க. வேண்டாம்னு சொல்லணுமா?"

"மாட்டட்டுங்க. நான் எங்க படுக்கிறது?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஜன்னல் பக்கமா ஒரு கட்டில் போட்டுக்கயேன்," என்றார்.

டீச்சர் பஸ் நிலையத்துக்குப் போனாள். போர்மேனின் மனைவி அவளை உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், கேட்காமலே டீ ஊற்றினாள். ஒருகாலத்தில் அவளுடைய மகளுக்குக் கணக்கு சொல்லித்தந்தவள் டீச்சர்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்க டீச்சருக்கு வெகுநேரம் ஆனது. வாசல்வரைக்கும் வந்து ஒருமுறை, முடிந்தால் வாரத்துக்கு ஒருமுறை, அன்றைக்குத் தெருவில் கேட்ட மாதிரி கேட்க வேண்டும்.

"அதாவது, உங்க வீட்டு அடுப்பு எரியணும், அதுக்கு நான் வந்து வையணும்."

"அடுப்புக்கு இல்லம்மா. எனக்கு மூச்சு முட்டுது."

"தெரியுது டீச்சர், மூஞ்சியே சொல்லுது." அவள் பாலை இறக்கி வைத்தாள். "அன்னிக்கு நான் கத்தினது எனக்காகக் கத்தினது. அதைப் பாட்டில்ல ஊத்தி உங்களுக்கு வேளா வேளைக்குக் குடுக்க முடியுமா? விசாரணைக்கு வந்தவங்க உங்க வீட்லதான் சாப்பிட்டாங்க. அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்ப நான் எதுக்கு உங்களுக்கு? டீ ஆறுது, குடிங்க."

டீச்சர் குடித்தாள். நல்ல டீ. வீட்டுக்கு வந்து அவளே திட்டினாள். வகுப்பறையில் பழகிய வாய், சொல் சொல்லாக, ஏறுவரிசையில், போர்மேனையும் தகட்டையும் சேர்மனையும் சேர்த்துத் திட்டினாள். "நீ சொல்றது நியாயம்தான், நியாயம்தான்," என்று கணவர் பேப்பரை மடித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தீக்குச்சி பற்றவில்லை. அவள் திட்டியது தீக்குச்சிக்காக. அந்த வித்தியாசம் நெருப்புக்குத் தெரிந்திருந்தது.

விழா ஏற்பாடுகளைச் சங்கச் செயலாளர் கவனித்தார். பழகியவர்; முன்வரிசையில் பழைய விருதுக்காரர்களில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. சலவைத்தூள் ஆலைகள் கட்டிப் பேரெடுத்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை, அவர் கை பட்டால் தண்ணீர் நுரைத்து மேசையெல்லாம் வழியும். பூச்சிமருந்துக்காரர் தோட்டம் வழியாக வராமல் பின்வாசல் வழியாக அழைத்துவரப்பட்டார். போன முறை அவர் நடந்துவந்த பாதையில் இன்றுவரை ஒரு வண்டு கிடையாது. சாயத் தொழிலில் சாதித்த அம்மையாரின் நிழல், ஆற்றில் அந்த வாரம் எந்த நிறம் ஓடியதோ அந்த நிறத்தில் விழும். அன்றைக்கு ஊதா. பக்கத்து நாற்காலிக்காரர்கள் வெள்ளை உடுப்பில் அது படாமல் தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள், ஒருவரை ஒருவர் உடம்பு எப்படி என்று விசாரித்துக்கொண்டார்கள்.

செயலாளர் சாதனைகளை வாசித்தார். இவர் காலடி பட்ட ஆலையில் இன்றுவரை தீயால் ஓர் உயிர்கூடப் போனதில்லை என்ற இடத்தில் அரங்கம் எழுந்தது. அது உண்மைதான், அந்த மூன்று பேரும் தீயால் சாகவில்லை. கைதட்டல் ஓயவில்லை. கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்த டீச்சர் அது வருவதைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு கொட்டாவி, இரண்டாவது வரிசையில் ஒரு தலை தோளில் சாய்ந்தது, தட்டிக்கொண்டிருந்த கைகள் வரிசை வரிசையாக மடியில் விழுந்தன, வயல்மேல் காற்று நடந்து வருகிற மாதிரி. வாசித்து முடித்த கையோடு கதவோரம் வந்துவிட்ட செயலாளர் விரலைச் சொடுக்கினார். பையன்கள் கதவுகளைத் திறந்து, பெரியவர்களைக் கைத்தாங்கலாகப் புல்வெளிக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் நுரை முழங்கால்வரை வந்தது, அதுக்கு இது எவ்வளவோ தேவலை மேடம், என்றார் செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டே. உள்ளே காலி நாற்காலிகளுக்கு முன்னால் பொறியாளர் பதக்கத்தோடு நின்று நன்றியுரையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவருக்கு மட்டும் மூச்சு எப்போதும்போல வந்தது.

அதன்பிறகு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் காலி செய்தார்கள். டீச்சர் எதிர்ச்சாரியில் ஒரு அறை எடுத்து, அங்கே சமைத்து, தட்டை மூடித் தெருவைக் கடந்து கொண்டுபோனாள். வாசலுக்கு வெளியே தெருவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே போவாள், மேசையில் தட்டை வைப்பாள், அவர் கலைத்துப் போட்டதை அடுக்குவாள், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள், வெளியே வந்துவிடுவாள். அந்த நேரத்துக்குள் அவர் பேச வேண்டியதைப் பேசிவிடுவார். அவளால் பதில் சொல்ல முடியாது, வாயைத் திறந்தால் உள்ளே போவது காற்றல்ல. பதிலை அறைக்குத் திரும்பி வந்து போனில் சொல்வாள். அப்படியே ஒரு குடும்பம் நடந்தது.

ஒருநாள் அவள் தட்டை வைத்துத் திரும்பும்போது அவர் கையைப் பிடித்தார். "போர்மேன் அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னாரு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், எதிர்ச்சாரிக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். போர்மேன் என்ன சொன்னாரு?"

அந்தப் பக்கம் அவர் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல," என்றார். "கொழம்புல உப்பு கம்மி."

உப்பைச் சரிசெய்துகொண்டாள். மூச்சு பிடிக்கப் பயிற்சி எடுத்தாள், முன்னைவிட அதிக நேரம் நிற்க முடிகிறது. அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தத் தெருவில் யாரும் சாப்பாட்டு வேளைக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. டீச்சர் மூடிய தட்டோடு அவர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பது ஜன்னலில் தெரிந்ததும், கைகழுவிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.