மேட்டு லயம்

பால் பானையை அடுப்பில் ஏற்றியாயிற்று. "ஒங்கப்பா மத்தியானம் வரட்டும்லா, கீழ்வீட்டு ஆச்சி கெளம்பின பெறகு" என்று புருஷன் சுகுமாரன் தினேஸ்வரியின் காதோடு சொன்னான். சொந்த வீட்டில் மகள் பால் காய்ச்சுகிறாள். பெற்ற அப்பன் எதிர்ச்சாரி ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். சன்னலில் எட்டிப் பார்த்தால் அவருடைய நரைத்த தலை தெரிந்தது.

மலேசியாவில் ஈப்போவின் நடுப்பட்டணத்தில், பூக்கடையும் பாட்டுச் சத்தமும் ஓயாத தெருவில் மாடிவீடு. இறங்கினால் கோயில், மார்க்கெட், வேலைக்குப் பஸ். அவளே தேடிப் பிடித்த வீடு. விற்றவர் தேனப்பச் செட்டியார். கீழ்வீட்டைத் தமக்கே வைத்துக்கொண்டார். நம்ம ஆளுக்குத்தான் கொடுப்போம் என்றார். நம்ம ஆள் என்றால் யார் என்பதை அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சி விசாரித்தார். சாதியைச் சாதி என்று கேட்க ஆச்சி என்ன நாகரிகம் தெரியாதவரா? எந்தத் தோட்டம், அதில் எந்த லயத்து வரிசைவீடு என்று மட்டும் சிரித்தபடி கேட்டார். செமோர் பக்கம், மேட்டு லயம் என்று சுகுமாரன் கூசாமல் அடித்துவிட்டான். இரண்டு குடும்பமும் பள்ளத்து லயம். மேட்டு லயத்துக்காரர்கள் பள்ளத்து லயத்தில் கை நனைத்ததே கிடையாது. லயங்களை இடித்துத் தாமான் வீடுகள் கட்டி எவ்வளவோ காலமாகிறது. யார் எதில் குடியிருந்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

இனி அந்தப் பொய்யோடுதான் குடித்தனம். ஆச்சி ஒரு வார்த்தை கேட்டால் அப்பா உள்ளதைச் சொல்லிவிடுவார். யார் வரலாம், வந்தால் எதைப் பேசக்கூடாது என்று சுகுமாரன் இப்போதே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டான். விட்டுப் போகலாம் என்றால் வீட்டுக்கடன் தலை நரைக்கும்வரை கிடக்கிறது. அப்பா மாயாண்டி கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. "அதுக்கென்னம்மா, நான் கடையில சும்மா ஒக்காந்திருக்கேன்" என்று சிரித்தார். ஆயுசு முழுக்கப் பழகிப்போன சிரிப்பு. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

ஆச்சி பட்டுச்சேலையில் வந்து நாற்காலியில் அமர்ந்தார். அப்பாவை எங்கே காணோம் என்று தினேஸ்வரியைக் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சுகுமாரன் முந்திக்கொண்டான்.

பால் நுரைத்து எழும்பியது. தினேஸ்வரி அடுப்பை அணைத்தாள்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு, ஆச்சி. எதுத்த கடையில ஒக்காந்திருக்காரு. நாங்க பள்ளத்து லயம். இவரு பொய் சொல்லிட்டாரு. அப்பா வந்துதான் பால் பொங்கணும்."

ஆச்சி கோபப்படவில்லை, அதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. முழங்கால் வலிக்கிறது, வருகிறேன் என்று எழுந்தார். தினேஸ்வரி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

குறுகலான படிக்கட்டு. ஆச்சி இறங்கும்போது மாயாண்டி பாதிப் படி ஏறியிருந்தார். ஆச்சியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவுக்கே இறங்கி வழிவிடத் திரும்பினார்.

"எறங்காதீங்கப்பா" என்றாள் தினேஸ்வரி மேலிருந்து. "நம்ம வீட்டுப் படி. ஏறி வாங்க."